சும்மா இருக்காத அஸ்மா (ரழி)



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் ஒரு படிவம் தருகிறார்கள். தகப்பனார் பெயர், அவருடைய தொழில். தாயார் பெயர், அவருடைய தொழில். தாயாரின் தொழில் என்ற இடம் வந்ததும் நம்மில் பலர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். யாராவது வாய்விட்டுக் கேட்டால், அவ வீட்ல சும்மாதான் இருக்கா என்று சொல்லிவிடுகிறோம். சுபுஹுக்கு முன்னால் எழுந்தவர், இஷா முடிந்து நாம் படுக்கப் போன பிறகும் பாத்திரம் துலக்கிக் கொண்டிருக்கிறார். அவரைத்தான் சொல்கிறோம், சும்மா இருக்கிறார் என்று.

இஸ்லாமிய வரலாற்றில் ஒரு பெண்மணிக்கு வீட்டு வேலையின் பெயரிலேயே பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டம் கிடைத்த கதை நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்த எழுபது ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அபூபக்ர் ஸித்தீக் (ரழி) அவர்களின் மூத்த மகளார், ஆயிஷா (ரழி) அவர்களின் சகோதரி, அஸ்மா (ரழி) அவர்களின் வாழ்க்கையை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அஸ்மா (ரழி) அவர்கள் ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்கு முன் மக்காவில் பிறந்தார்கள். ஆயிஷா (ரழி) அவர்களுக்கும் இவர்களுக்கும் தகப்பனார் ஒருவர், தாய் வேறு. இவர்களுடைய தாய் குதைலா. தொடக்க காலத்திலேயே ஈமான் கொண்டவர்களில் அஸ்மா (ரழி) அவர்களும் ஒருவர். தகப்பனார் துணி வியாபாரி, வசதியானவர். மகளும் வசதியான வீட்டில்தான் வளர்ந்தார். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கி.பி. 622. குறைஷிகள் பெருமானார் (ஸல்) அவர்களைக் கொலை செய்யத் திட்டமிட்டு விட்டார்கள். ஹிஜ்ரத்துக்கு அனுமதி வந்துவிட்டது. பெருமானார் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் புறப்பட வேண்டும். ஒட்டகங்கள் தயார், வழிகாட்டி தயார். இவையெல்லாம் நாம் பயான்களில் விரிவாகக் கேட்டவை. ஆனால் பயணம் போகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே! அவசர அவசரமாக அந்தச் சாப்பாட்டைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் அஸ்மா (ரழி) அவர்களும் ஆயிஷா (ரழி) அவர்களும்தான். சாப்பாட்டை வைத்தாயிற்று, தோல் பையில் தண்ணீரும் நிறைத்தாயிற்று. கட்டுவதற்குக் கயிறு இல்லை. தேட நேரமும் இல்லை. சத்தம் போட்டு அக்கம் பக்கத்தில் கேட்கவும் முடியாது. தன் இடுப்பில் கட்டியிருந்த துணிக் கச்சையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அஸ்மா (ரழி) அவர்கள் தகப்பனாரிடம் சொல்ல, அதையே இரண்டாகக் கிழித்துக் கட்டும்படி அவர் சொன்னார். கிழித்தார், கட்டினார். அன்றிலிருந்து அவருக்கு தாத்துந் நிதாகைன், அதாவது இரு கச்சைகளுக்கு உரியவர் என்று பெயர்.

அந்தக் கச்சை என்ன என்று அரபு அகராதி அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். நிதாக் என்பது நகை கிடையாது, அலங்காரமும் கிடையாது. அரபுப் பெண்கள் வேலை செய்யும்போது நீண்ட உடை காலில் தடுக்கிவிடக் கூடாது என்பதற்காக இடுப்பில் ஒரு துணியை இறுகக் கட்டி, உடையை மேலே தூக்கி அதன்மேல் மடித்து விட்டுக் கொள்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் வேலையில் இறங்குமுன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக் கொள்கிறார்களே, அதைப் போல. அது வேலைக்காரக் கச்சை. ஹிஜ்ரத் என்ற மாபெரும் பயணத்தின் சாப்பாட்டு மூட்டை அந்த வேலைக்காரக் கச்சையால் கட்டப்பட்டுப் போனது.

ஸவ்ர் குகையில் இருவரும் மூன்று இரவுகள் தங்கினார்கள். மகன் அப்துல்லாஹ் ஊர்ச் செய்தியைக் கொண்டு போனார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை ஓட்டிப் போய்ப் பால் கொடுத்தார். அஸ்மா (ரழி) அவர்கள் சாப்பாடு கொண்டு போனார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். ஸவ்ர் மலையை நேரில் பார்த்த ஹாஜிகள் இங்கே இருப்பீர்கள். வெறும் கையோடு ஏறுவதே எவ்வளவு சிரமம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் அபூஜஹ்ல் ஆட்களோடு வாசலுக்கு வந்துவிட்டான். உன் தகப்பன் எங்கே என்று கேட்டான். தனக்குத் தெரியாது என்றார் அஸ்மா (ரழி). கன்னத்தில் ஓங்கி அறைந்தான். காதில் இருந்த நகை தெறித்து விழுந்தது. அவரிடமிருந்து அவனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

அவன் போனதும் இன்னொரு சிக்கல். பாட்டனார் அபூகுஹாஃபா வந்து உட்கார்ந்து கொண்டார். வயதானவர், கண்பார்வை போய்விட்டது, அப்போது அவர் முஸ்லிமும் ஆகியிருக்கவில்லை. தன் மகன் தானும் போய், பணத்தையும் எடுத்துக் கொண்டு போய், பேரப் பிள்ளைகளைத் தவிக்க விட்டுவிட்டான் என்று அவருக்குக் கவலை. உண்மையும் அதுதான். வீட்டில் இருந்த ஐயாயிரமோ ஆறாயிரமோ திர்ஹத்தை அபூபக்ர் (ரழி) அவர்கள் முழுவதுமாக எடுத்துக் கொண்டு போயிருந்தார்கள். அஸ்மா (ரழி) அவர்கள் என்ன செய்தார்கள்? தகப்பனார் வழக்கமாகப் பணம் வைக்கும் மாடத்தில் சில கற்களை அடுக்கி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்கள். கிழவர் தடவிப் பார்த்தார், நிம்மதியடைந்தார். உண்மையில் வீட்டில் ஒன்றுமே இருக்கவில்லை என்றும், அந்த முதியவரின் மனம் ஆறட்டும் என்றுதான் அப்படிச் செய்ததாகவும் பின்னாளில் அஸ்மா (ரழி) அவர்களே சொன்னார்கள்.

கையில் ஒரு காசு இல்லை. கன்னத்தில் அறை வாங்கிய வலி ஆறியிருக்காது. தகப்பனார் உயிரோடு போய்ச் சேருவாரா என்று தெரியாது. அந்த நேரத்திலும் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரின் படபடப்பை எப்படி அடக்குவது என்று யோசிக்கிற மனம் இருந்ததே, இதற்கு எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் பெயர் எழுதுவது? மாமனார் மாமியாரை வைத்துப் பார்க்கும் பெண்கள் இந்த வேலையைத் தினமும் செய்கிறார்கள்.

பிறகு அவர்களும் மதீனா புறப்பட்டார்கள். நிறைமாதக் கர்ப்பிணி. மக்காவிலிருந்து மதீனா வரை அந்த நிலையில் பயணம். குபாவுக்கு வந்து சேர்ந்ததும் அப்துல்லாஹ் பிறந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று அந்தக் குழந்தையின் வாயில் தடவி, பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். மதீனா வந்த முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அதுதான். முஸ்லிம்கள் மிகவும் மகிழ்ந்தார்கள்.

இனிமேல்தான் நான் அதிகம் பேச விரும்பும் பகுதி வருகிறது.

அஸ்மா (ரழி) அவர்களின் கணவர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) அவர்கள். சுவனத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர், பெருமானார் (ஸல்) அவர்களின் அத்தை மகன், பெரும் வீரர். ஆனால் திருமணமான காலத்தில் அவரிடம் நிலமில்லை, பணமில்லை, ஓர் அடிமை கூட இல்லை. இருந்தது ஒரு குதிரையும், தண்ணீர் இறைக்க ஓர் ஒட்டகமும் மட்டும்தான். துணி வியாபாரியின் மகள் வந்து சேர்ந்த வீடு இது.

அந்த வீட்டில் தான் என்னென்ன வேலை செய்தேன் என்று அஸ்மா (ரழி) அவர்களே ஒவ்வொன்றாகச் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. குதிரைக்குத் தீனி போடுவது. தண்ணீர் இறைப்பது. தண்ணீர் இறைக்கும் தோல் வாளி கிழிந்தால் அதைத் தைப்பது. மாவு பிசைவது. ஒட்டகத்துக்குப் பேரீச்சங்கொட்டையை இடிப்பது. எல்லாவற்றிலும் கடினமானது குதிரையைப் பராமரித்ததுதான் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலை நாம் வேகமாகப் படித்துக் கடந்து விடுகிறோம். கொஞ்சம் நின்று பாருங்கள். பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை நாம் தூக்கி எறிகிறோம். கல் மாதிரி இருக்கும் அந்தக் கொட்டையை இடித்துப் பக்குவப்படுத்தினால்தான் ஒட்டகம் தின்னும். வீட்டில் வீணாகிற ஒன்றைத் தீவனமாக்குகிற வேலை அது. தோல் வாளியைத் தைப்பதும் அப்படித்தான். தையல் தளர்ந்தால் தண்ணீர் ஒழுகும், மேலே வருவதற்குள் பாதி போய்விடும். தோலைத் தைப்பதற்குத் தனி வலு வேண்டும், தனிப் பழக்கம் வேண்டும். குதிரையோ போருக்குப் போகிற குதிரை. அது மெலிந்தால் ஸுபைர் (ரழி) அவர்களின் உயிருக்கே ஆபத்து. ஸுபைர் (ரழி) அவர்களின் வீரத்தை எழுதியவர்கள் பலர். அந்தக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவர் யார் என்று கேட்டால் விடை இந்தப் பட்டியலில் இருக்கிறது.

பட்டியலில் இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மாவு பிசைவேன், ஆனால் ரொட்டி சுட எனக்குச் சரியாக வராது என்று அஸ்மா (ரழி) அவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அன்ஸாரிப் பெண்கள் வந்து சுட்டுக் கொடுப்பார்களாம். அவர்கள் உண்மையான பெண்கள் என்று பாராட்டவும் செய்கிறார்கள். ஒரு பெண் என்றால் அடுப்பு வேலை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். பெருமானாரின் மைத்துனி, ஸித்தீக்கின் மகள், ஹதீஸ் அறிவித்த ஸஹாபிப் பெண்மணி, ரொட்டி சுடுவது தனக்கு வராத ஒரு திறமை, அது வந்தவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தார்கள் என்று ஒப்புக் கொள்கிறார்கள். அந்த அன்ஸாரிப் பெண்களின் பெயர் கூட நமக்கு வந்து சேரவில்லை. அவர்கள் சுட்ட ரொட்டி மட்டும் புகாரியில் ஏறிவிட்டது.

பிறகு பெருமானார் (ஸல்) அவர்கள் ஸுபைர் (ரழி) அவர்களுக்கு ஒரு நிலத்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து அந்த நிலம் ஒரு ஃபர்ஸகில் மூன்றில் இரண்டு பங்கு தூரம். நம் கணக்கில் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து கொண்டு அஸ்மா (ரழி) அவர்கள் நடந்து வருவார்கள். ஒரு நாள் அப்படி வரும்போது வழியில் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்ஸாரிகள் சிலரோடு வந்து கொண்டிருந்தார்கள். தலையில் சுமையோடு வருகிற அஸ்மாவைப் பார்த்ததும் தம் பின்னால் ஏற்றிக் கொள்வதற்காக ஒட்டகத்தை மண்டியிட வைத்தார்கள். ஆண்களோடு போக அஸ்மா (ரழி) அவர்களுக்கு வெட்கம். கணவரின் ரோஷ குணமும் நினைவுக்கு வந்தது. அவர் அதிக ரோஷக்காரர். அஸ்மா வெட்கப்படுகிறார் என்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் புரிந்து கொண்டு, வற்புறுத்தாமல் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைக் கணவரிடம் சொன்னார்கள். நீ அவர்களோடு ஏறி வந்திருந்தால் எனக்கு இருந்திருக்கும் வருத்தத்தைவிட, கொட்டையைத் தலையில் சுமந்து நடந்ததுதான் எனக்கு அதிக வேதனை என்ற கருத்தில் ஸுபைர் (ரழி) அவர்கள் பதில் சொன்னார்கள்.

இந்த ஹதீஸை இமாம் புகாரி நிகாஹ் பாடத்தில் ரோஷம் பற்றிய தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள். அதனால் நாமும் ரோஷத்தைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். எனக்கு மனதில் நிற்பது வேறு. தன் மனைவியின் தலைச்சுமை அந்த வீரருக்கு வலித்தது. அவர் அதை வாய்விட்டுச் சொன்னார். நம்மில் எத்தனை பேர் இதுவரை அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோம்?

அதோடு நிற்கவில்லை. அபூபக்ர் (ரழி) அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மகளுக்கு ஒரு பணியாளை அனுப்பி வைத்தார்கள். குதிரை வேலையை அந்தப் பணியாள் ஏற்றுக் கொண்டார். அந்தப் பணியாளைப் பெருமானார் (ஸல்) அவர்களே கொடுத்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அப்போது தனக்கு எப்படி இருந்தது என்பதை அஸ்மா (ரழி) அவர்கள் ஒரே வரியில் சொன்னார்கள்: தன்னை அடிமைத் தளையிலிருந்து விடுதலை செய்தது போல இருந்ததாம். பல ஆண்டுகளுக்குப் பிறகு பிள்ளைகளிடம் சொல்லும்போதும் அந்தச் சொல் மாறவில்லை. அவ்வளவு பாரம். முகம் சுளிக்காமல் செய்தார்கள் என்பதால் பாரம் இல்லை என்று ஆகிவிடாது.

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் இதே ஹதீஸுக்கு விளக்கம் எழுதும்போது, சமைப்பது, துவைப்பது, மாவு பிசைவது போன்றவற்றை ஒரு பெண் கணவனுக்குச் செய்வது மக்களிடம் உள்ள நல்ல வழக்கம், அது அவள் தானாக முன்வந்து செய்யும் உபகாரம், அவள்மீது அது கடமை கிடையாது, இவற்றை அவள் செய்யாமல் விட்டாலும் பாவமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஊர் வழக்கப்படி அதுவும் அவளுடைய பொறுப்புதான் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. இப்னுல் கய்யிம் அவர்கள் அந்தக் கருத்துக்கு இதே அஸ்மா (ரழி) அவர்களின் ஹதீஸைத்தான் ஆதாரமாக எடுக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், மார்க்க ரீதியில் செய்ய வேண்டியது, ஆனால் காழி கட்டாயப்படுத்த முடியாது என்கிறார்கள். கருத்து வேறுபாடு இருக்கட்டும். நாம் தினமும் சாப்பிடும் சாப்பாடு ஒரு பெரிய இமாமின் பார்வையில் நமக்குச் செய்யப்படும் உபகாரம். உபகாரம் செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு கிடையாது. உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அஸ்மா (ரழி) அவர்கள் வீட்டை நடத்திய சாமர்த்தியத்துக்கு முஸ்லிமில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஓர் ஏழை வந்து, உங்கள் வீட்டு நிழலில் உட்கார்ந்து வியாபாரம் செய்து கொள்ளட்டுமா என்று கேட்டார். அஸ்மா (ரழி) அவர்களுக்கு அனுமதிக்க ஆசை. ஆனால் தான் சரி என்று சொல்லி, ரோஷக்காரரான கணவர் மறுத்துவிட்டால்? அதனால் அந்த ஏழையிடம், ஸுபைர் வீட்டில் இருக்கும்போது வந்து என்னிடம் கேள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவரும் வந்தார், கேட்டார். உடனே அஸ்மா (ரழி) அவர்கள், மதீனாவில் என் வீட்டை விட்டால் உனக்கு வேறு இடமே இல்லையா என்று அலுத்துக் கொள்வது போலப் பேசினார்கள். அதைக் கேட்ட ஸுபைர் (ரழி) அவர்கள், ஓர் ஏழை பிழைப்பதை ஏன் தடுக்கிறாய் என்று மனைவியிடமே கேட்டார்கள்! காரியம் முடிந்தது. அந்த மனிதர் அங்கே வியாபாரம் செய்து நன்றாகச் சம்பாதித்தார். (சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். உங்களுக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.)

வீட்டுச் செலவுக்குக் கணவர் கொடுக்கும் பணம் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்பதும் அஸ்மா (ரழி) அவர்கள் வழியாகத்தான் நமக்குத் தெரிய வந்தது. ஸுபைர் கொண்டு வந்து தருவதைத் தவிர எனக்கென்று எதுவும் இல்லை, அதிலிருந்து நான் தர்மம் செய்யலாமா என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். கொடுக்கும்படியும், பையின் வாயைக் கட்டி முடிந்து வைக்க வேண்டாம், அப்படிச் செய்தால் அல்லாஹ்வும் உனக்கு முடிந்து வைத்துவிடுவான் என்ற கருத்திலும் பெருமானார் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அஸ்மா (ரழி) அவர்களின் கையில் எதுவும் மறுநாளைக்குத் தங்காது. ஆயிஷா (ரழி) அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிறகு பங்கிட்டுக் கொடுப்பார்கள் என்றும், அஸ்மா (ரழி) அவர்கள் நாளைக்கென்று எதையும் வைக்க மாட்டார்கள் என்றும் மகன் அப்துல்லாஹ் சொல்லியிருக்கிறார்.

வீட்டு வாசலும் அப்படித்தான். ஹுதைபியா உடன்படிக்கைக் காலத்தில், இன்னும் இணைவைப்பில் இருந்த தாய் குதைலா மகளைத் தேடி மதீனா வந்தபோது, உள்ளே விடலாமா, உறவு கொண்டாடலாமா என்று கேட்டனுப்பி, தாயோடு உறவைப் பேணலாம் என்ற பதில் கிடைத்த பிறகே ஏற்றுக் கொண்டார்கள்.

அவர்கள் அறிவித்த ஹதீஸ்களை எடுத்துப் பாருங்கள். எத்தனை அடுப்படிச் செய்திகள்! துணியில் மாதவிடாய் இரத்தம் பட்டால் எப்படிச் சுரண்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, கழுவி, அதிலேயே தொழுவது என்பது அவர்கள் அறிவிப்பு. பெருமானார் (ஸல்) காலத்தில் மதீனாவில் குதிரையை அறுத்துச் சாப்பிட்டோம் என்பது அவர்கள் அறிவிப்பு. காய்ச்சல் கண்ட பெண்ணை அவர்களிடம் கொண்டு வந்தால், தண்ணீரை எடுத்து அவளுடைய சட்டைக் கழுத்து வழியாக ஊற்றுவார்கள், காய்ச்சலைத் தண்ணீரால் தணிக்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பார்கள். ரொட்டியைக் குழம்பில் பிய்த்துப் போட்டு தரீத் செய்தால் சூட்டின் வேகம் தணியும் வரை மூடி வைப்பார்கள், அதில்தான் பரக்கத் அதிகம் என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் இறந்த பிறகு பெருமானார் (ஸல்) அவர்கள் அணிந்த ஜுப்பா இவர்களிடம்தான் வந்தது. அதைக் கழுவி, அந்தத் தண்ணீரை நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள்.

இவற்றில் பலவற்றை நமக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? பேத்தி ஃபாத்திமா பின்துல் முன்திர். பாட்டியிடமிருந்து பேத்திக்கு. பேத்தியிடமிருந்து அவருடைய கணவர் ஹிஷாமுக்கு. இந்த ஹிஷாமின் தகப்பனார்தான் உர்வா, அஸ்மா (ரழி) அவர்களின் இன்னொரு மகன், மதீனாவின் புகழ்பெற்ற ஏழு சட்ட அறிஞர்களில் ஒருவர். ஒரு வீட்டு அடுக்களையில் புழங்கிய அறிவு இப்படித்தான் புகாரி வரைக்கும் வந்து சேர்ந்தது.

காலம் மாறியது. ஒரு குதிரையோடு தொடங்கிய ஸுபைர் (ரழி) அவர்கள் பின்னாளில் பெரும் செல்வந்தர் ஆனார்கள். மதீனாவில் மட்டும் 11 வீடுகள் அவர்களுக்கு இருந்ததாகப் புகாரியில் வருகிறது. கணவன் மனைவிக்குள் மணவிலக்கு ஏற்பட்டது. அஸ்மா (ரழி) அவர்கள் மகன் அப்துல்லாஹ்வுடன் வாழ்ந்தார்கள். ஸஹாபாக்களின் குடும்ப விஷயத்தில் நாம் யாருக்கும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனாலும் அந்தச் செல்வத்தின் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மூன்றரைக் கிலோமீட்டர் கொட்டைச் சுமைதான் ஞாபகம் வரும்.

வயதான காலத்தில் கண்பார்வை போய்விட்டது. கைகளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. இன்னொரு மகன் முன்திர் இராக்கிலிருந்து வந்தபோது மெல்லிய, உயர்ந்த துணி ஒன்றை அனுப்பினார். கையால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். மகனுக்கு வருத்தம். உடல் தெரியாத துணிதானே என்றார். தெரியாவிட்டாலும் உடலின் அமைப்பைக் காட்டிவிடும் என்றார்கள். பிறகு சாதாரணத் துணி வந்தது, ஏற்றுக் கொண்டார்கள்.

ஹிஜ்ரி 73. மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரழி) மக்காவில் கலீஃபாவாக இருக்கிறார். ஹஜ்ஜாஜ் படையோடு வந்து ஊரை முற்றுகையிட்டு விட்டான். கூட இருந்தவர்கள் பலர் விலகிப் போய்விட்டார்கள். கடைசியில் மகன் தாயிடம் வந்து ஆலோசனை கேட்கிறார். சத்தியத்தில் இருப்பதாக நினைத்தால் உறுதியாக நில், உலகத்துக்காகப் போராடியிருந்தால் உன்னையும் அழித்தாய், உன்னோடு இருந்தவர்களையும் அழித்தாய் என்ற கருத்தில் தாய் பேசினார்கள். இறந்த பிறகு என் உடலைச் சிதைப்பார்களே என்று மகன் சொன்னபோது, அறுக்கப்பட்ட ஆட்டுக்குத் தோலுரிப்பதால் வலிக்கப் போவதில்லை என்றார்கள். அந்த நேரத்திலும் அவர்களுக்கு வந்த உவமை அடுக்களையிலிருந்துதான் வந்தது.

விடைபெறும்போது மகனைக் கட்டியணைத்தார்கள். கையில் இரும்பு தட்டுப்பட்டது. உள்ளே கவசம் போட்டிருக்கிறார். இது என்ன என்று கேட்டார்கள். நீ தேடுவதைத் தேடுகிறவன் இதை அணிய மாட்டான் என்ற கருத்தில் சொன்னார்கள். மகன் கழற்றி வைத்துவிட்டுப் போனார். ஷஹீதானார்.

ஹஜ்ஜாஜ் அவருடைய உடலைக் கழுமரத்தில் தொங்கவிட்டான். பிறகு அஸ்மா (ரழி) அவர்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினான். போக மாட்டேன் என்றார்கள். வராவிட்டால் சடையைப் பிடித்து இழுத்து வர ஆள் அனுப்புவேன் என்றான். அப்படியே இழுத்துப் போகட்டும், நானாக வர மாட்டேன் என்றார்கள். கடைசியில் அவனே செருப்பைத் தேடிப் போட்டுக் கொண்டு, வேகமாக அவர்கள் வீட்டுக்கு வந்தான். அல்லாஹ்வின் விரோதியை நான் என்ன செய்தேன் பார்த்தாயா என்றான். நீ அவனுடைய உலகத்தைக் கெடுத்தாய், அவன் உன்னுடைய மறுமையைக் கெடுத்துவிட்டான் என்ற கருத்தில் பதில் வந்தது.

பிறகு ஒன்று சொன்னார்கள். ஹஜ்ஜாஜும் அவனுடைய ஆட்களும் அப்துல்லாஹ்வை இரு கச்சைக்காரியின் மகன் என்று கேலி செய்து வந்தார்கள். இடுப்பில் வேலைக்காரத் துணி கட்டிய பெண்ணின் பிள்ளை என்று இளக்காரம். நூறு வயதை நெருங்கிய, கண் தெரியாத அந்தத் தாய், ஆமாம், அது நான்தான் என்றார்கள். ஒரு கச்சையால் அல்லாஹ்வின் தூதருக்கும் அபூபக்ருக்கும் உரிய உணவைப் பிராணிகளுக்கு எட்டாமல் கட்டி வைத்ததாகவும், இன்னொன்று எந்தப் பெண்ணும் இல்லாமல் இருக்க முடியாத இடுப்புக் கச்சை என்றும் அவனுக்கு விளக்கிச் சொன்னார்கள். ஸகீஃப் குலத்தில் ஒரு பெரும் பொய்யனும் ஓர் அழிவுகாரனும் தோன்றுவார்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டிருக்கிறேன், பொய்யனைப் பார்த்துவிட்டோம், அழிவுகாரன் நீதான் என்று நினைக்கிறேன் என்றும் சொன்னார்கள்.

ஹஜ்ஜாஜ் பேச்சுக்குப் பெயர் போனவன். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான். இது முஸ்லிமில் இருக்கிறது.

மகனின் உடல் கீழே இறக்கப்பட்டு அவர்களிடம் வந்தபோது, குளிப்பாட்டவும் கஃபனிடவும் ஏற்பாடு செய்து, தொழுகை நடத்தி அடக்கினார்கள். அதற்குப் பிறகு சில நாட்கள்தான் இருந்தார்கள். வயது ஏறத்தாழ 100. ஒரு பல் கூட விழவில்லை, அறிவும் தடுமாறவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரத் செய்த ஆண்கள், பெண்கள் அனைவரிலும் கடைசியாக மவுத்தானவர்கள் அவர்களே. ரளியல்லாஹு அன்ஹா.